மூன்று பூட்டுப் பெட்டி: இங்கிலாந்துக் கிராமத்தில் முன்னோரைத் தேடுவது எப்படி

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு பழைய கிராமத்துத் தேவாலயத்துக்குள் நுழைந்து பாருங்கள், பல இடங்களில் மணிக்கூண்டுக்குக் கீழேயோ ஒரு மூலையிலோ பெரிய மரப்பெட்டி ஒன்று கிடக்கும். ஓக் மரம், இரும்புப் பட்டை, நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். மூன்று பூட்டு இருக்கும். ஒரு சாவி பாதிரியாரிடம், மற்றவை ஊரார் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட சர்ச் வார்டன்களிடம். எல்லோரும் வந்து நின்றால்தான் பெட்டி திறக்கும், அதாவது யாரையும் யாரும் முழுசாக நம்பவில்லை. மூன்று பூட்டு போட வேண்டும் என்பது 1603-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் திருவிருந்துக் கிண்ணமும் தட்டும் இருந்திருக்கலாம். ஆனால் இன்றைக்கு வம்சாவளி தேடுகிறவர்கள் 'பாரிஷ் பெட்டி' என்று சொன்னால் அதில் இருந்த காகிதங்களைத்தான் சொல்கிறார்கள். யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார், யாரை எப்போது புதைத்தார்கள், எந்த விதவைக்கு ஊர்க்காசில் விறகு வாங்கிக் கொடுத்தார்கள், எந்தக் குடும்பத்தை ஊரைவிட்டே அனுப்பினார்கள், எல்லாம் அதில் இருந்தது.

தொடங்குகிறவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்தக் காகிதங்களில் ஒன்றுகூட, பின்னாளில் கொள்ளுப்பேரன் தேடி வருவான் என்று நினைத்து எழுதப்பட்டதில்லை. ராஜா உத்தரவு போட்டார், எழுதினார்கள். வரி வந்தது, எழுதினார்கள். சொத்துத் தகராறு வரக்கூடும் என்று எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இந்த ஆளுக்குச் சோறு போட வேண்டியது எந்த ஊர்' என்ற சண்டையில் எழுதியது ஏராளம். ஒரு காகிதத்தைக் கையில் எடுத்ததும் 'இதை யார், எதற்காக எழுதினார்கள், இதில் காசு யாருடையது' என்று கேட்டுப் பழகுங்கள். எதை நம்பலாம், அடுத்து எங்கே போகலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, பாரிஷ் என்றால் என்ன? நம் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள், சி.எஸ்.ஐ. சபையினர் சேகரம் என்பார்கள், ஏறக்குறைய அதுதான். ஆனால் இங்கிலாந்தில் அது கோயில் எல்லையோடு நிற்கவில்லை. டியூடர் ராஜாக்கள் காலத்திலிருந்து பாரிஷ்தான் கிராமத்தின் உள்ளாட்சியும்கூட. ரோடு போடுவது, ஏழைக்குப் படியளப்பது, அதற்கு வரி வசூலிப்பது எல்லாம் அதன் தலையில்தான். நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பாரிஷ்கள். பல கிராமத்துப் பாரிஷ்களை ஒரு மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம், அவ்வளவு சின்னது. அதனால் உங்கள் ஆள் ஓர் ஊரில் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம், வரைபடத்தை விரித்துச் சுற்றியிருக்கும் ஏழெட்டுப் பாரிஷ்களைப் பாருங்கள். பக்கத்துப் பண்ணையில் வேலை கிடைத்தால் போதும், ஆள் வேறு பாரிஷ்காரர் ஆகிவிடுவார்.

எங்கே தொடங்குவது என்றால், கடைசியிலிருந்து. பெயரைப் பார்த்து 1600-இல் யாரையோ பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறவர்கள், கடைசியில் வேறு யாருடைய குடும்பத்துக்கோ வந்து சேருகிறார்கள். தெரிந்த தாத்தாவிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். உதாரணத்துக்கு நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு கூலி விவசாயி, ஜான் என்று வைத்துக்கொள்வோம், அவர்தான் நாம் தேடும் ஆள்.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதிய ஆரம்பித்தது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா பெயரும் அவர்கள் பார்த்த தொழிலும் இருக்கும். ஜான் 1840-இல் கல்யாணம் செய்திருந்தால், 1790 வாக்கில் பிறந்திருக்கக்கூடிய அவருடைய அப்பாவின் பெயர் அந்த ஒரே காகிதத்தில் கிடைத்துவிடும். 1837-க்கு முன்பக்கம் தாண்டுவதற்கு இதைவிட நல்ல பாலம் கிடையாது.

அடுத்த துணை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆள் பெயரோடு நாடு முழுக்க முறையாகக் கிடைப்பது 1841-இலிருந்துதான். அதிலும் 1841 கொஞ்சம் ஏமாற்றும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். பிறந்த ஊரும் இருக்காது, இந்த மாவட்டத்தில்தான் பிறந்தாரா என்பது மட்டும் இருக்கும். 1851-இல் உறவுமுறை, வயது, பிறந்த பாரிஷ் மூன்றையும் கேட்டு எழுதினார்கள். ஆகவே நம் ஜான் 1851 வரை உயிரோடு இருந்தால் நமக்கு யோகம். அப்படியும் ஒரு எச்சரிக்கை: பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க ஆள் வரும்போது அதே மனிதர் ஒவ்வொரு முறையும் வேறு பிறந்த ஊர் சொல்வதுண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பம் இடம்பெயர்ந்திருந்தால் வளர்ந்த ஊரையே பிறந்த ஊர் என்று நினைத்திருப்பார், பாவம். இன்னொரு பக்கம், 1931 கணக்கெடுப்பு 1942-இல் நடந்த ஒரு தீவிபத்தில் எரிந்துபோனது, 1941-இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. நூறு வருஷம் மூடி வைத்திருப்பது வழக்கம் என்பதால் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது.

1837-க்கு முன்னால் பாரிஷ் பதிவேடுதான் எல்லாம். இதை ஆரம்பித்து வைத்தவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், 1538-இல். ஒவ்வொரு பாதிரியாரும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும் என்று உத்தரவு. ஏதோ புது வரி போடத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று ஜனங்கள் பயந்தார்கள். அந்தப் பயம் வீண்போகவில்லை, என்ன, ஒன்றரை நூற்றாண்டு தாமதமாகப் பலித்தது: பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் திரட்ட 1695 முதல் 1706 வரை பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரி போட்டார்கள். மறுபடி 1783 முதல் 1794 வரை, பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரைத் தீர்வை. பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் அந்த வருஷங்களில் பெயருக்குப் பக்கத்தில் ஏழை என்பதற்கான 'பி' எழுத்து இருந்தால், வரி கட்டாமல் தப்பிக்கப் பாதிரியார் கருணை காட்டினாரா, குடும்பம் உண்மையிலேயே அவ்வளவு கஷ்டத்தில் இருந்ததா என்று சொல்வது கடினம்.

பல ஊர்களில் பதிவேடு 1538-இல் இல்லாமல் சரியாக 1558-இல் தொடங்கும். இதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆரம்ப காலப் பதிவுகள் பெரும்பாலும் மட்டமான காகிதத்தில் இருந்ததால், 1598-இல் எலிசபெத் ராணி காலத்தில், பழையதையெல்லாம் ஆட்டுத்தோல் ஏட்டில் நகலெடுக்கச் சொன்னார்கள். உத்தரவிலேயே 'குறிப்பாக ராணி பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து' என்று ஒரு சலுகை. ராணி பட்டத்துக்கு வந்தது 1558. கை வலிக்க இருபது வருஷம் அதிகமாக எழுதுவானேன் என்று நிறைய பேர் அங்கேயே தொடங்கிவிட்டார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26-இல் ஞானஸ்நானம் என்று நாம் படிக்கிறோமே, அந்தப் பதிவும் இப்படி நகலெடுத்த ஏட்டில் இருப்பதுதான். பிறந்த தேதி அதில் இல்லை. ஏப்ரல் 23 என்று கொண்டாடுவது ஓர் ஊகம்.

அதே 1598 உத்தரவில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பதிவேட்டின் நகலை பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஊரில் இருந்த மூல ஏட்டை ஈரமோ எலியோ தின்றிருந்தாலும், பிஷப் ஆபீஸ் நகல் பிழைத்திருக்கலாம். இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள். சில சமயம் ஒன்றில் இருக்கும் வார்த்தை மற்றதில் இருக்காது. 1640-களிலும் 50-களிலும் உள்நாட்டுப் போரும் அதற்குப் பின் ராஜா இல்லாத ஆட்சியும் நடந்ததால், நிறைய பாரிஷ்களில் அந்த இருபது வருஷமும் ஓட்டை விழுந்த துணி மாதிரி இருக்கும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பதிவேடுகளைப் படிக்கிற இடத்தில்தான் புதியவர்கள் வழுக்கி விழுவது. 18-ஆம் நூற்றாண்டு வரை ஒரு ஞானஸ்நானப் பதிவு என்பது 'ஜான், வில்லியம் - மேரி தம்பதியின் மகன்' என்ற ஒரு வரிதான், பழைய காலத்தில் அம்மா பெயர்கூட இருக்காது. அடக்கப் பதிவு அதைவிட மோசம், 'விதவை இன்னார்' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 1733 வரை லத்தீனிலும் எழுதியிருக்கலாம். குலியெல்முஸ் என்றால் வில்லியம், ஜாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், பயப்பட ஒன்றுமில்லை. குடும்பப் பெயருக்கு நிலையான எழுத்துக்கூட்டு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா வாயால் சொன்னதைப் பாதிரியார் காதால் கேட்டு எழுதியது, வெளியூர்ப் பாதிரியாராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே அப்பாவின் மூன்று பிள்ளைகள் மூன்று எழுத்துக்கூட்டில் இருப்பார்கள். ஒரே நாளில் மூன்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் என்றிருந்தால் மூன்றும் ஒரே பிரசவம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், மூத்தது ஏழு வயதுப் பிள்ளையாக இருக்கலாம், சேர்த்து வைத்து ஒரே நாளில் முடித்திருப்பார்கள். 1813 முதல் அச்சடித்த படிவம் வந்த பிறகு கதை மாறுகிறது: ஞானஸ்நானத்தில் பெற்றோர் பெயர், குடியிருப்பு, தொழில், அடக்கத்தில் வயதும் குடியிருப்பும்.

தேதி விவகாரம் தனி. ஒரு புதிர் சொல்கிறேன். ஒரு தம்பதிக்கு 1720 ஜூனில் கல்யாணம். அவர்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1720 பிப்ரவரியில். பார்த்தவுடன் 'ஓஹோ' என்று தோன்றும், இல்லையா? அவசரப்பட்டு அந்தப் பெண்ணின் மேல் பழி போட வேண்டாம். 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25-இல். 1720 ஜூனுக்குப் பிறகு டிசம்பர் வந்து, ஜனவரி, பிப்ரவரியும் 1720 ஆகவேதான் இருக்கும். ஆகவே பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது கல்யாணத்துக்கு எட்டு மாசம் கழித்து. நம் கணக்குப்படி அது 1721 பிப்ரவரி. குழப்பம் வராமலிருக்க ஆராய்ச்சிக்காரர்கள் 1720/21 என்று இரண்டு ஆண்டையும் எழுதுவார்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள். 1752-இல் ஜனவரி 1-க்கு மாறினார்கள், அதே வருஷம் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று நாட்காட்டியைத் திருத்தினார்கள். இடைப்பட்ட பதினொரு நாளில் யாரும் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை!

திருமணப் பதிவேட்டில் பெரிய திருப்பம் 1754 மார்ச் 25. அதற்கு முன்னால் ரகசியக் கல்யாணங்கள் ஏராளம், லண்டனில் ஃபிளீட் சிறைச்சாலையைச் சுற்றி அதை ஒரு தொழிலாகவே நடத்தினார்கள். ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம் இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது: ஒன்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிக்க வேண்டும், நம்மூர்க் கிறிஸ்தவர்கள் 'ஓலை வாசிப்பது' என்கிறார்களே, அதேதான், அல்லது காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சிலுவை மாதிரி ஒரு பெருக்கல் குறி. கூலி விவசாயி ஜானின் பாட்டி இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்தக் கோணலான குறியாக இருக்கலாம், அதை ஸ்கேன் செய்த படத்தில் பார்க்கும்போது என்னவோ செய்யும்.

சாட்சிகளைக் கட்டாயம் கவனியுங்கள். பெண்ணின் அண்ணனோ அக்காவோ நின்றிருந்தால் ஒரு முழுக் குடும்பத்துக்கான நூல் கிடைத்த மாதிரி. ஆனால் அதே சாட்சிப் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தால், அவர் கோயில் குமாஸ்தா, எல்லாக் கல்யாணத்துக்கும் அவர்தான் சாட்சி. கல்யாணம் வழக்கமாகப் பெண்ணின் பாரிஷில் நடக்கும், எனவே மாப்பிள்ளையின் ஊரில் தேடிக் கிடைக்காவிட்டால் அதிசயமில்லை. இன்னொன்று, 1754 முதல் 1837 வரை குவேக்கர்கள் என்ற தனிச் சபையினரையும் யூதர்களையும் தவிர எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபையில்தான் கல்யாணம் செய்ய வேண்டும். குடும்பத்தின் கல்யாணம் பாரிஷ் ஏட்டில் இருக்கிறது, பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றுகூட இல்லை என்றால், அவர்கள் பாப்டிஸ்ட் போன்ற வேறு சபைக்காரர்களா என்று பாருங்கள்.

இந்தப் படிவங்களைப் பற்றி ஒரு சின்னக் கதை. ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்ற சின்னக் கிராமம். அங்கே பாதிரியார் ஜார்ஜ் ஆஸ்டின். சட்டம் வந்த பிறகு வாங்கிய அச்சுப் புத்தகத்தில், எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்ட முதல் பக்கத்தில் மாதிரிப் படிவம் இருக்கும். அவருடைய மகள் ஜேன், பிற்காலத்தில் நாவலாசிரியையான அதே ஜேன் ஆஸ்டின்தான், சின்ன வயதில் அந்த மாதிரிப் பக்கத்தில் தனக்கே ஆடம்பரமான பெயர்களில் மூன்று கற்பனை மாப்பிள்ளைகளை எழுதிவைத்துவிட்டாள். ஒருவர் லண்டன்காரர், ஒருவர் லிவர்பூல்காரர், கடைசி ஆள் வெறும் ஜாக் ஸ்மித். அந்த ஏடு இன்றும் ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஜேன் பிறந்தது 1775 டிசம்பர் 16, அப்பா மறுநாளே வீட்டில் வைத்துத் தனிப்பட்ட முறையில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார், கோயிலில் ஊரறியச் சடங்கு நடந்தது 1776 ஏப்ரலில். குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இது சகஜம். ஆகவே ஒரே பிள்ளைக்கு இரண்டு தேதி பார்த்தால் இரண்டு பிள்ளை என்று எண்ணிவிட வேண்டாம்.

அடக்கப் பதிவேட்டைப் பலர் தொடுவதே இல்லை. அது பெரிய தப்பு. 1742-இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஜானைக் கண்டுபிடித்து, அப்பா பெயர் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது என்று வம்ச மரத்தில் ஒட்டிவிடுவோம். ஆனால் அந்தக் குழந்தை மூன்றே வாரத்தில் செத்துப்போய், அடுத்துப் பிறந்தவனுக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் இது சர்வ சாதாரணம். அதனால் ஆளைக் கண்டுபிடித்தவுடன் அவரைச் சாகடிக்க முயலுங்கள், அதாவது அவர் சின்ன வயதில் புதைக்கப்படவில்லை என்று உறுதி செய்யுங்கள். 1678 முதல் சில பத்தாண்டுகளுக்கு, 'கம்பளித் துணியில் புதைக்கப்பட்டார்' என்று சத்தியப் பத்திரம் பெற்ற குறிப்பும் அடக்க ஏட்டில் இருக்கும். கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றுவதற்காகப் பிணத்துக்கும் கம்பளிதான் போர்த்த வேண்டும் என்று சட்டம், மீறினால் 5 பவுன் அபராதம். அதில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு. வசதியான குடும்பங்களில் சிலர், நம் வீட்டு ஆளே துப்புக் கொடுத்த மாதிரி காட்டிப் பாதி அபராதத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு லினன் துணியில் புதைத்தார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஏழைகளின் காகிதங்கள்.

1601 சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஊரில் நிலமும் வீடும் வைத்திருப்பவர்களிடம் வரி. வசூலித்துச் செலவு செய்கிறவருக்கு ஓவர்சியர் என்று பெயர், நம்மூர்ப் பொதுப்பணித்துறை ஓவர்சியருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ஓவர்சியர் கணக்குப் புத்தகம் கிடைத்தால் நிதானமாகப் படியுங்கள். இன்னாருக்கு ஒரு ஜோடி செருப்பு, இன்னார் பெண்டாட்டி பிரசவத்துக்கு இவ்வளவு, இன்னாருக்குச் சவப்பெட்டி, தூக்கினவர்களுக்கு பீர். ஒரு குடும்பம் மெதுவாகச் சரிவதை வாரவாரம் பார்க்கலாம்.

தன் ஏழைக்குத்தான் சோறு போட வேண்டும் என்றால், யார் தன் ஏழை என்ற கேள்வி வருமே? அதற்குத்தான் 1662 சட்டம். ஒவ்வொருவருக்கும் 'செட்டில்மென்ட்' என்று ஓர் ஊர் உண்டு. நாம் சொல்கிற செட்டில்மென்ட் பத்திரம் வேறு. இது இன்ன ஊர்க்காரர் என்ற உரிமை. புதிதாக வந்தவர் வருஷம் 10 பவுனுக்குக் குறைந்த வாடகையில் குடியேறினால், ஊருக்குப் பாரமாகிவிடக்கூடும் என்று தோன்றினாலே போதும், நாற்பது நாளுக்குள் புகார் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடலாம். முறையாகப் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் ஊர், மனைவிக்குக் கணவனின் ஊர். கல்யாணமாகாதவர் ஒரே முதலாளியிடம் முழுசாக ஒரு வருஷம் வேலை பார்த்தால் அந்த ஊர் உரிமை கிடைக்கும். தொழில் பழகுநராக ஒப்பந்தம் எழுதி ஓர் ஊரில் நாற்பது நாள் தங்கினாலும் கிடைக்கும். இதைத் தெரிந்துகொண்ட பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஆளை 51 வாரத்துக்கு மட்டும் அமர்த்தினார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஏழைப் பிள்ளைகளைப் பக்கத்துப் பாரிஷ் முதலாளிகளிடம் பழகுநராக அனுப்பி, அந்தப் பாரத்தை அந்த ஊர் தலையில் கட்டினார்கள். மனசாட்சி எல்லாம் வரிக்கணக்குக்கு அப்புறம்தான்.

ஒருவர் உதவி கேட்டு வந்தால், அல்லது வருவார் என்று சந்தேகம் வந்தால், இரண்டு நீதிபதிகள் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கி விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், அப்பா எந்த ஊர், யாரிடம் எத்தனை நாள் வேலை பார்த்தாய், என்ன கூலி, எந்தக் கோயிலில் கல்யாணம், எத்தனை பிள்ளை, அவர்கள் வயது என்ன. அந்த வாக்குமூலம்தான் வம்சாவளி தேடுகிறவருக்குப் புதையல். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரரின் வாழ்க்கை வரலாறு, கிட்டத்தட்ட அவர் வாய்மொழியாகவே, ஒரு பக்கத்தில் இருக்கும். ஞானஸ்நான ஏட்டில் பத்து வருஷம் தேடினாலும் கிடைக்காத பிறந்த ஊர் முதல் வரியிலேயே இருக்கும். விசாரணை முடிந்தால் வெளியேற்றும் உத்தரவு. கணவன் செத்துப்போன ஒரு பெண்ணைக் கைக்குழந்தைகளோடு, அவள் கண்ணால் பார்த்திராத கணவனின் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ஊர் 'எங்களுக்கு வேண்டாம்' என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால் இன்னும் காகிதம், நமக்கு இன்னும் லாபம். இப்படிச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1795-க்குப் பிறகு, உண்மையிலேயே உதவி கேட்டு வந்தவர்களை மட்டும்தான் வெளியேற்றலாம் என்று சட்டம் தளர்ந்தது.

கல்யாணமாகாத பெண் கர்ப்பமானாலும் இதே கதைதான். பிறக்கப்போகும் பிள்ளைக்கு யார் செலவு செய்வது என்பதற்காக அப்பன் பெயரைச் சொல்ல வைத்து, அவனிடம் பணத்துக்கு ஜாமீன் பத்திரம் எழுதி வாங்குவார்கள். ஞானஸ்நான ஏட்டில் அம்மா பெயர் மட்டும் இருந்து அப்பா இடம் காலியாக இருந்தால் அங்கேயே சோர்ந்துவிடாதீர்கள், பெட்டியில் அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரார் மானத்துக்காகக் கேட்கவில்லை, காசுக்காகக் கேட்டார்கள், அதனாலேயே விடாப்பிடியாகக் கேட்டுப் பதிந்துவைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்குப் பாரமாகிவிடுவாரோ என்று பயந்து துரத்தப்பட்ட ஒருவரைப் பற்றி நமக்கு நாலு பக்கம் கிடைக்கும். அதே தெருவில் செருப்புத் தைத்துக் கடனில்லாமல் வாழ்ந்து, யாரிடமும் கை நீட்டாமல் செத்தவரைப் பற்றி மூன்று வரிதான்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். 1834-க்குப் பிறகு பல பாரிஷ்களைச் சேர்த்து யூனியன் என்று ஆக்கி, ஏழை விடுதிகள் கட்டினார்கள். அதிலிருந்து ஏழைகளின் பதிவுகளை யூனியன் காகிதங்களில் தேட வேண்டும்.

மற்ற ஆவணங்களைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். உயில்கள் 1858 ஜனவரி வரை திருச்சபை நீதிமன்றங்களில் பதிவாயின, அதற்குப் பிறகு அரசாங்கத்திடம். கூலி விவசாயிக்கு உயில் அபூர்வம், ஆனால் ஊர்க் கொல்லருக்கோ சிறு விவசாயிக்கோ இருக்கும். 1836 சட்டத்துக்குப் பிறகு, கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய பத்திலொரு பங்கு விளைச்சலைப் பணமாக மாற்றுவதற்காக நாட்டின் முக்கால்வாசிக்கு வரைபடம் போட்டார்கள். எந்த வீட்டில் யார் குடியிருந்தார், எந்த வயலுக்கு என்ன பெயர், எவ்வளவு ஏக்கர், யார் நிலம் என்று எல்லாம் அதில் உண்டு. 1841 கணக்கெடுப்பையும் இந்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜான் குடியிருந்த குடிசையின் மேல் விரலை வைத்துவிடலாம். ஊர் நிலப்பிரபு நடத்திய பண்ணை நீதிமன்றத்தின் பதிவுச் சுருள்களும் இருக்கின்றன, ஆனால் அவை லத்தீன், சுருக்கெழுத்து என்று பயமுறுத்தும், தொடக்கத்தில் வேண்டாம்.

பெட்டிகள் இப்போது பெரும்பாலும் காலி. 1978-இல் வந்த திருச்சபை விதிக்குப் பிறகு பழைய ஏடுகளெல்லாம் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போய்விட்டன. நம் நார்ஃபோக் ஜானுக்கு நாரிச் நகரம், ஹாம்ப்ஷயர் என்றால் வின்செஸ்டர். வீட்டிலிருந்தே தேட வேண்டும் என்றால் ஃபேமிலிசர்ச் இலவசம், தன்னார்வலர்கள் படியெடுத்த ஃப்ரீரெக் இலவசம், ஒவ்வொரு பாரிஷுக்கும் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடும் ஜெனுகி இலவசம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் சந்தா. எதில் தேடினாலும் அட்டவணையில் பெயர் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். அட்டவணை போட்டவர் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கலாம், ஓரத்தில் பாதிரியார் எழுதிய குறிப்பை விட்டிருக்கலாம். முன் பக்கம், பின் பக்கமும் புரட்டுங்கள். ஏழைகளின் வாக்குமூலங்களும் ஓவர்சியர் கணக்குகளும் பல மாவட்டங்களில் இன்னும் இணையத்தில் ஏறவில்லை. அதற்கு நேரில் போகவோ எழுதிக் கேட்கவோ வேண்டும்.

கிராமத்து ஏட்டில் ஞானஸ்நானம் இருக்கும், கல்யாணமும் அடக்கமும் எங்கேயும் இருக்காது. அப்படிப்பட்ட இளைஞர்களில் சிலர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து கப்பலேறியிருப்பார்கள். அவர்களைச் சென்னையில் தேட வேண்டியிருக்கும். ஜார்ஜ் கோட்டையில் 1680-இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயத்துக்கும் அதே மாதிரி ஏடுகள் உண்டு. முதல் கல்யாணம் அதே ஆண்டு நவம்பரில், பின்னாளில் சென்னைக் கவர்னரான எலிஹு யேலுடையது, 1753-இல் ராபர்ட் கிளைவுக்கும் அங்கேதான் கல்யாணம். சென்னை மாகாணத்துத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நம் ஊர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் எதிர்த் திசையில் தேடுவதும் இதே நகல்களில்தான்.

எதுவரை பின்னால் போக முடியும்? கூலிக்காரக் குடும்பம் என்றால் பலருக்கு 1700 பக்கத்தில் எங்கோ நின்றுவிடும், நிலம் வைத்திருந்தவர்கள் இன்னும் ஒன்றிரண்டு தலைமுறை போகலாம். நிற்கிற இடம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: அடுத்தடுத்த இரண்டு பாரிஷ்களில், ஒன்றிரண்டு வருஷ இடைவெளியில், இரண்டு ஜான்களுக்கு ஞானஸ்நானம். இருவரும் சின்ன வயதில் சாகவில்லை, இருவர் அப்பா பெயரும் வில்லியம், வாக்குமூலம் எதுவும் கிடைக்கவில்லை. பிடித்த ஜானைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறவர்கள்தான் அதிகம், இணையத்தில் கிடைக்கும் பாதி மரங்கள் அப்படி வளர்ந்தவை. நீங்கள் இரண்டு ஜான்களையும் புள்ளிக்கோட்டில் போட்டு, எந்தெந்த ஏடுகளைப் பார்த்தீர்கள் என்று பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, அவர்களுடைய அக்கா தங்கைகளின் கல்யாணச் சாட்சிகளைத் தேடப் போங்கள்.